பெயர் போடாத புகார்

போடியில் ஏலக்காய் விற்கும் ஒரு கம்பெனியின் வெப்சைட்டை யுவராணி கவனித்து வந்தாள். எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து என்ன வந்தது என்று பதியும் சர்வர் லாக் முழுவதையும் ஒரே திரையில் காட்டும் டேஷ்போர்டை அவள் அமைத்த வாரம், காய்க்குப் பச்சைச் சாயம் ஏற்றுகிறார்கள் என்று வெப்சைட்டில் யாரோ பெயர் போடாமல் புகார் எழுதினார்கள்.

"எங்கன இருந்து எழுதுனாகன்னு இதுல தெரியுமா, ஆத்தா?" என்றார் முதலாளி.

தான் செய்ததைக் காட்டும் ஆசையில் அவள் உடனே தேடிச் சொன்னாள். அது பேக்கிங் அறைக் கம்ப்யூட்டர். அதில் வேலை பார்ப்பவர் ஹக்கீம் மட்டும்தான்.

எல்லோர் முன்னாலும் முதலாளி ஹக்கீமின் சோற்றுத் தூக்கைத் தெருவில் எறிந்தார். சிதறிய சோற்றை ஒதுக்கிவிட்டுத் தூக்கை எடுத்த ஹக்கீம், யுவராணியிடம், "நீ பாத்தாலும் சொல்ல மாட்டேன்னு நெனச்சேம்மா" என்றார்.

மறுநாள், ஒவ்வொருவர் கம்ப்யூட்டரையும் டேஷ்போர்டில் தனித்தனியாகக் காட்டச் சொன்னார் முதலாளி. யுவராணி அதையும் அமைத்துக் கொடுத்தாள்.