உஷ் அக்காவின் காது

என் கல்லூரிப் பட்டத்தின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அவருடைய ஆள்காட்டி விரல் உதட்டுக்குப் போய்விட்டது. "உஷ்!" எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். பட்டத்தை முழுதாகச் சொல்லாமல் யாரிடமும் அறிமுகமானதில்லை. ஆனால் அந்த அறையில் எனக்கு முன்பே ஒருவன் பேசிக்கொண்டிருந்தான். கட்டைவிரல் நுனி அளவுத் தவளை. தொண்டை பலூன்போல உப்ப, கத்திக்கொண்டே இருந்தான். அவன் ஓய்ந்த பிறகுதான் அவர் திரும்பினார். "இப்பச் சொல்லுங்க தம்பி, என்ன படிச்சிருக்கீங்க?"

ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவர் உஷ் அக்கா. அடித்தளத்தில் இருக்கும் மழை அறைதான் அவர் இடம். வரிசையாகக் கண்ணாடித் தொட்டிகள், மேலே துளை போட்ட குழாய். திருகினால் மழை. மழை விழுந்ததும் ஆண் தவளைகள் கத்தத் தொடங்கும், மைக் பதிவுசெய்யும். அக்கா மூலை நாற்காலியில் ஹெட்போனுடன் உட்கார்ந்து, எது என்ன வகைக் கத்தல் என்று கணினியில் குறிப்பார். அந்தப் பதிவுகளைப் பிறகு என் மேசையில் சரிபார்ப்பது என் வேலை.

கட்டுரைகளில் அந்தக் கத்தல்களுக்கு வாயில் நுழையாத பெயர்கள் உண்டு. அக்காவிடம் இருப்பவை மூன்றுதான். பெண் தவளையை அழைத்தால் 'வாம்மா'. தன் இடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு ஆண் குரல் கொடுத்தால் 'போடா'. அவசரக்காரன் ஒருவன் இன்னொரு ஆணின் முதுகிலேயே ஏறிவிட்டால், கீழே மாட்டிக்கொண்டவன் போடுவது 'விட்றா டேய்'. எங்கள் பேராசிரியை ஒருமுறை வெளியூர் விருந்தினர் முன்னால், "இந்தத் தொட்டியில போடா ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"எங்க வீட்டுக்காரர் நாள் முழுக்க 'ம்'னு ஒரே சத்தம்தான். இவனுங்க பரவால்ல, மூணு தெரியும்" என்பார் அக்கா. தவளைக்குக் காதுமடல் கிடையாது. கண்ணுக்குப் பின்னால் வட்டமாக ஒரு தோல், அதுதான் காது. "சட்டைப் பித்தான் மாதிரி வச்சிருக்கான். மறைக்க ஒண்ணுமில்ல, பாரு!"

அவர் மறைத்திருந்தார். எவ்வளவு புழுக்கமானாலும் இரண்டு காதும் மூடும்படிதான் தலை சீவுவார். பேசும்போது நம் உதட்டையே பார்ப்பார். என் பேச்சுக்குக் கிடைக்கும் மரியாதை அது என்று நான் நினைத்திருந்தேன்.

இந்த ஆண்டுப் பதிவுகளில் புதிதாக ஒரு சத்தம் வந்தது. மெல்லிய, நீண்ட விசில். அது கேட்கும்போதெல்லாம் தவளைகள் 'போடா' என்று சீறின. கத்துபவன் மட்டும் யார் கண்ணிலும் படவில்லை. பேராசிரியைக்குக் கால் தரையில் இல்லை. அடுத்த கருத்தரங்கில் அதைப் புது வகைத் தவளைக் கத்தல் என்று அறிவிப்பதாக இருந்தார். "எனக்கு மட்டும் அது பிடிபடலையே" என்று அக்கா முணுமுணுத்தார்.

ஒலியைக் கோடாக வரைந்து காட்டும் திரையை அவரிடம் காட்டினேன். மற்ற கத்தல்கள் துண்டு துண்டாக, இடையிடையே மூச்சு வாங்கின. விசில் மட்டும் அடிக்கோல் வைத்து இழுத்ததுபோல ஒரே கோடு. "இவன் மூச்சே விடமாட்டான் போல அக்கா" என்றேன். அவர் சிரிக்கவில்லை. திரையைப் பார்த்தார். கையிலிருந்த ஹெட்போனைப் பார்த்தார்.

"கதவச் சாத்துங்க தம்பி."

முடியை ஒதுக்கினார். காதுக்குள் தோல் நிறத்தில், காது கேட்க உதவும் கருவி. அதன்மேல் ஹெட்போன் அழுத்தும்போது அது விசிலடிக்கும். அந்த உச்ச ஒலி அவர் காதை விட்டுப் போய்விட்டதால் அவருக்கு மட்டும் தெரியாது. வேறொருவன் குரல் என்று நினைத்துத் தவளைகள் பதில் கொடுத்திருக்கின்றன.

"எம் பொண்ணு வாங்கிக் குடுத்தா. காதால கேக்கறதுதான் என் வேலையே. காது போச்சுன்னு தெரிஞ்சா நாற்காலியும் போச்சு."

"யாருக்கும் தெரிய வேணாம் அக்கா. கருவியை மாத்திட்டா விசில் தானா நின்னுடும்."

"நின்னுடும். அந்தம்மா மேடையேறி என் மெஷினைத் தவளைன்னு சொல்லணுமா?"

அடுத்த கூட்டத்தை மழை அறையிலேயே வைக்கச் சொன்னார். எல்லோர் முன்னாலும் முடியை ஒதுக்கி, ஹெட்போனை மாட்டி அழுத்தினார். விசில் எழுந்தது. தொட்டியில் ஒரு தொண்டை உப்பியது. போடா!

"எனக்கு இது கேக்காது மேடம். அவனுக்குக் கேட்டிருச்சு பாருங்க. இவ்வளவு நாளும் என்னைத்தான் திட்டியிருக்கான்."

யாரோ சிரித்துவிட்டார்கள். பேராசிரியை சிரிக்கவில்லை. "முன்னாடியே சொல்லியிருக்கலாமே அக்கா."

"சொல்லியிருந்தா இந்த ஹெட்போனை எங்கிட்ட விட்டு வச்சிருப்பீங்களா?"



ஹெட்போன் இப்போது என் தலையில். அக்காவின் நாற்காலி அதே அறையில்தான், மூலையிலிருந்து தொட்டியை ஒட்டி நகர்ந்திருக்கிறது. பல தவளைகள் சேர்ந்து கத்தும்போது கத்தியது எது என்று மைக் சொல்லாது, தொண்டை சொல்லும். அதைப் பார்த்துச் சொல்வதுதான் இப்போது அவர் வேலை. உள்ளே வந்ததும் கருவியைக் கழற்றிச் சின்ன டப்பாவில் போட்டு மூடுவார். என்னைப் பார்த்து, "உஷ்!" பிறகு கண்ணாடிக்கு அருகே குனிவார்.

கத்துவதற்கு முன் தவளையின் விலா ஒருமுறை ஒடுங்கும். அக்காவின் விரல் அதை நோக்கி எழும். அதற்கப்புறம்தான் எனக்குக் கேட்கும்.