படகிலிருந்து தெரியாத மலை

அந்த மிதவைச் சட்டையை அக்கா இடுப்பில் கட்டிக்கொண்டாள். ஆரஞ்சு நிறம், ஓரங்களில் உப்புப் பூத்து வெளுத்திருந்தது. மூன்று வார்களில் ஒன்று அறுந்துபோய், அதற்குப் பதிலாக ஒரு நைலான் கயிறு தைத்திருந்தார்கள். படகோட்டி அதை அவள் கையில் கொடுத்துவிட்டு இயந்திரத்தைப் பார்க்கப் போனான். அவன் திரும்பி வருவதற்குள் அக்கா அதை இரண்டாக மடித்து, முன்பக்கம் தொங்கவிட்டு, கயிற்றை முதுகுக்குக் கொண்டுபோய் முடிச்சும் போட்டுவிட்டாள். செடியின் ஈரம் சேலையில் ஏறாமலிருக்க, தேயிலைக் காட்டில் முப்பத்தாறு வருடம் தினமும் காலையில் பிளாஸ்டிக் படுதாவை அப்படித்தான் கட்டியிருந்தாள். கண்ணால் பார்த்துப் போடும் முடிச்சல்ல அது.

"சேச்சி, அது அரையில கெட்டறதில்ல. கழுத்து வழி மாட்டணும்," என்றான் படகோட்டி. குளச்சல் ஆட்களோடு பல வருடம் கடலுக்குப் போய்ப் பழகிய தமிழ் அவனுடையது.

"தண்ணி கீழதானப்பா கெடக்கு? கழுத்துக்கு எதுக்கு?" என்றாள் அக்கா.

அவன் சிரித்து உட்கார்ந்துவிட்டான். அந்த முடிச்சை அவிழ்க்க எனக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று. என் நாட்குறிப்பில் அது இருக்கிறது: 6.45, முடிச்சு, 6.50, சரியாக அணிவித்தது, 6.55, படகு புறப்பட்டது.

பீர்மேட்டுப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் எடை எழுதுகிறவன் நான். கொழுந்து நிறைந்த சாக்கைத் தராசில் தொங்கவிட்டு, முள் ஆடி நிற்கும்வரை காத்திருந்து, பெயருக்கு நேரே கிலோவை எழுதுவது என் வேலை. மழை நாட்களில் இலையோடு வரும் தண்ணீருக்காக ஒரு பங்கைக் கழிக்க வேண்டும். எல்லோருக்கும் கழிக்கிற அளவையே அக்காவுக்கும் கழித்தேன். "கூடப் பொறந்தவ சாக்கிலயே தண்ணி புழியுற ஆளு, நமக்கா பாக்கப் போறாரு?" என்று வரிசையில் நிற்கும் பெண்கள் என் காதில் விழும்படியே பேசுவார்கள். அக்கா தலையைத் திருப்பி, "புழியட்டும்டி. கூட ஒரு கிலோ எழுதிட்டா அவனுக்குக் கை வீங்கிரும்," என்பாள். அதில் கேலி எவ்வளவு, பெருமை எவ்வளவு என்று என்னால் பிரிக்க முடிந்ததில்லை. வீட்டுக்கு வந்தாலும் எனக்கு இதே பழக்கம்தான். மழை பெய்த நேரம், மேலே போகும் பேருந்து வந்த நேரம், யார் வந்தார்கள், என்ன சாப்பிட்டோம் என்று இருபத்தேழு வருடமாக ஒரு நாள் விடாமல் எழுதி வருகிறேன்.

அக்காவின் பார்வை போய்க்கொண்டிருந்ததை நான் கவனிக்காமல் போனதற்கு இந்தப் பழக்கமே காரணம் என்று இப்போது நினைக்கிறேன். ஓர் ஆளுக்கு உடம்பு சரியில்லை என்றால் முதலில் கிலோ குறையும். அதைப் பார்த்துத்தான் எங்கள் தோட்டத்தில் காய்ச்சலையும் கர்ப்பத்தையும் குடும்பச் சண்டையையும்கூடக் கண்டுபிடிப்போம். அக்காவுக்குக் கிலோ குறையவே இல்லை. கொழுந்து வெட்டும் கத்தரியைச் செடியின் மேல் ஓட்ட அவளுக்குக் கண் தேவைப்படவில்லை. செடியின் உயரம் அவள் முழங்கையில் இருந்தது. நிரையில் நடக்கும்போது இடதுகை எப்போதும் செடியின் மேல் தடவியபடி இருக்கும். எல்லாப் பெண்களும் அப்படித்தான் நடப்பார்கள் என்று எடுத்துக்கொண்டேன். இவ்வளவும் நடந்துகொண்டிருந்தபோது என் நாட்குறிப்பிலேயே சேதி இருந்திருக்கிறது. 'அக்கா வாய்க்காலில் தவறி விழுந்தாள்.' 'நிலைப்படியில் அக்காவின் தோள் இடித்துக்கொண்டது.' 'அக்கா டம்ளரை மேசைக்கு வெளியே வைத்தாள், உடைந்தது.' இரண்டு வருடத்தில் ஐந்து வரிகள். ஐந்தையும் மணி போட்டு எழுதியவன் ஒரு முறையும் சேர்த்துப் படிக்கவில்லை.

கோட்டயத்துக் கண் மருத்துவர் நல்ல மனிதர். கண்ணுக்குள் அழுத்தம் கூடி, ஓரத்துப் பார்வையெல்லாம் போய்விட்டது, நடுவில் ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல்தான் அக்காவுக்குத் தெரிகிறது என்று படம் வரைந்து காட்டினார். பிறகு அவளிடம், "போயது இனி வரில்லா. உள்ளது நோக்காம்," என்றார். போனது வராது, இருப்பதைப் பார்ப்போம். இரண்டு புட்டிச் சொட்டுமருந்து கொடுத்தார். காலை ஆறு, மாலை ஆறு. முதல் மருந்து விட்டு ஐந்து நிமிடம் கண்ணை மூட வேண்டும். பத்து நிமிடம் பொறுத்து இரண்டாவது. நேரம் தவறக்கூடாது என்று அவர் என்னைப் பார்த்துச் சொன்னார். சொல்ல வேண்டிய ஆளைச் சரியாகத்தான் தேர்ந்தெடுத்தார்.

எங்கள் தோட்டத்தின் உச்சியில் ஒரு பாறை முகடு உண்டு. மழை விட்ட மாலைகளில் அங்கிருந்து மேற்கே பார்த்தால், சமவெளிக்கு அப்பால், வெள்ளிக் கம்பி மாதிரி ஒரு கோடு மின்னும். அக்கா அதைக் கடல் என்பாள். அது கடலாக இருக்க முடியாது, காயலாகத்தான் இருக்கும் என்று ஒவ்வொரு முறையும் திருத்துவேன். "கடல்னே சொல்லிட்டுப் போயேம்லே. காயல்காரன் சண்டைக்கா வரப்போறான்?" என்பாள். ஒரு லாரி ஓட்டுநர் எப்போதோ அவளிடம் சொல்லியிருந்தார்: கடலிலிருந்து பார்த்தாலும் இந்த மலை தெரியுமாம், கரையில் நின்றால் தென்னை மறைக்கும், படகில் கொஞ்சம் உள்ளே போக வேண்டுமாம். மருத்துவரைப் பார்த்துவிட்டுத் திரும்பும் பேருந்தில், மூன்றாவது கொண்டையூசி வளைவில், அக்கா அதைத்தான் பேசினாள்.

"கடல்ல இருந்து நம்ம மலைய ஒரு தடவ பாத்துரணும்லே. பொறந்ததுல இருந்து இதும்மேலயேதான் நிக்கேன். இது எப்பிடி இருக்கும்னே எனக்குத் தெரியாது."

அந்த ஐப்பசியிலேயே ஏற்பாடு செய்தேன். ஆலப்புழைக்கு வடக்கே ஒரு சிறு மீன்பிடித் துறை. பயணிகளைக் கரையோரமாக அழைத்துப் போய்க் காட்டும் படகு ஒன்று அங்கே இருந்தது. மலை தெரிய வேண்டுமென்றால் ஆறு மணிக்கே ஏறிவிட வேண்டும், வெயில் வந்தால் மலை போய்விடும் என்று படகோட்டி தொலைபேசியில் சொன்னான். முந்தின நாளே போய்த் தங்கினோம். காலை ஐந்து ஐம்பதுக்குத் துறையில் நின்றோம். அதுவரை எல்லாம் என் திட்டப்படியே நடந்தது.

ஆறு மணிக்கு மருந்துப் பையைத் திறந்தேன்.

"ஏலே, போயிட்டு வந்து ஊத்திக்கிடலாம்லா," என்றாள் அக்கா.

"டாக்டர் ஆறுன்னு சொல்லிருக்காருக்கா."

"டாக்டர் அங்க கோட்டயத்துல தூங்கிட்டுருப்பாரு."

இருந்தாலும் முகத்தை அண்ணாந்து காட்டினாள். அங்கிருந்த கல்லின் மேல் உட்காரவைத்து முதல் மருந்தை விட்டேன். படகோட்டி தூரத்திலிருந்து, "போகாமா? வெளிச்சம் ஏறுதே," என்று குரல் கொடுத்தான். ஐந்து விரலைக் காட்டினேன். இரண்டாவது மருந்து விட்டபின் மறுபடியும் கூப்பிட்டான். மறுபடியும் விரலைக் காட்டினேன். மருந்து விட்டால் கால்மணி நேரம் அவளுக்குக் கண் மங்கலாக இருக்கும். அது தெளியட்டும், தெளிந்த கண்ணோடு மலையைப் பார்க்கட்டும் என்பது என் கணக்கு. அக்கா கண்ணை மூடிக்கொண்டு, கைகளை மடியில் வைத்து, தராசு முன்னால் முறைக்காகக் காத்திருக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறெங்கும் பார்க்கவில்லை.

படகு அலை தடுக்கும் கல்வரிசையைத் தாண்டித் தெற்கே திரும்பியதும் கரை எங்கள் இடப்பக்கம் வந்தது. படகு கவிழ்ந்துவிடும் என்று படகோட்டி உடனே கத்தினான். "எந்தாணு ரெண்டு பேரும் ஒரே சைடு? வள்ளம் மறியும்!" அப்போதுதான் கவனித்தேன். மலைச்சாலையில் ஜீப்பில் போகும்போது நாங்கள் எல்லோரும் மேட்டுப் பக்கம் சாய்ந்துகொள்வோம், பள்ளத்தின் பக்கம் பாரம் போகக்கூடாது என்று. எங்கள் இருவர் உடம்பும் யாரும் சொல்லாமலே கரையை மேடாக எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் சாய்ந்திருந்தன. என்னை வலப்பக்கம் போய் உட்காரச் சொன்னான். கடலை முதுகுக்குப் பின்னால் விட்டு உட்கார என் உடம்பு சம்மதிக்கவே இல்லை.

கரை மெதுவாக நகர்ந்தது. முதலில் கவிழ்த்துப்போட்ட வள்ளங்கள், அவற்றின் மேல் காயும் வலை. பிறகு ஆளில்லாத ஒரு நீண்ட மணல், ஈரம் காயாத இடத்தில் பளபளவென்று. அதை ஒட்டி, தண்ணீரை எட்டிப் பார்ப்பதுபோல் வளைந்த தென்னைகள். அப்புறம் ஒரு வெள்ளைத் தேவாலயம், அதன் படிகள் மணலிலேயே முடிந்தன. அதற்கப்பால் நீலக்குடைகள் நட்ட ஒரு விடுதிக் கரை. பார்க்கிறவனுக்கு மூச்சு நிற்கும் அழகு. அக்காவுக்கு அது துண்டு துண்டாகத்தான் வந்தது. படகு எழும்பினால் அவளுடைய அந்தச் சிறிய வட்டத்துக்குள் வானம், தாழ்ந்தால் தண்ணீர், நடுவில் ஒரு நொடி கரை. "கெடைக்கி, கெடச்சதும் ஓடிருது," என்றாள். கொஞ்சம் நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினால் இன்னும் ஆடும் என்றான் படகோட்டி. நான் கெஞ்சியதால் இயந்திரத்தை அணைத்தான். படகு அலைக்குக் குறுக்கே திரும்பி, இரண்டு பக்கமும் புரண்டது. அக்கா பலகையைப் பிடித்துக்கொண்டு தலையை மேலும் கீழும் ஆட்டி அந்த ஆட்டத்தோடு சேரப் பார்த்தாள். அவள் தலைக்கும் கடலுக்கும் ஒத்துப்போகவில்லை. எதைப் பிடித்தால் அந்த ஆட்டம் நிற்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"மலை எங்கப்பா?" என்று கேட்டாள்.

படகோட்டி தென்னை வரிசைக்கு மேலே கையை நீட்டினான். அங்கே பால்போல் வெண்மை மட்டும் இருந்தது. "இப்போ வரைக்கும் இருந்துச்சு சேச்சி. ஆறரைக்கும் நல்லா கண்டேன், கோடு போட்ட மாதிரி. ஒரு அரை மணிக்கூர் முன்னாடி ஏறியிருந்தா..." என்னைப் பார்த்ததும் அவன் வாக்கியத்தை முடிக்காமல் விட்டுவிட்டான்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு. ஒனக்குத் தெரியுதா?"

தெரிகிறது என்று சொல்லியிருக்கலாம். அந்த வெண்மைக்குள் எங்கேயாவது விரலைக் காட்டியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். நான் கண்ணைச் சுருக்கி, வடக்கிலிருந்து தெற்குவரை முறையாகப் பார்த்து முடித்துவிட்டு, "தெரியலக்கா," என்றேன்.

அவள் சிரித்தாள். "பாத்தியாப்பா? இங்கயும் கழிச்சிட்டான்."

திரும்பும் வழியில், "சரி, கரையில என்ன இருக்கு, அதயாச்சும் சொல்லு," என்றாள். பதினொரு வள்ளம், நான்கு குடை, தேவாலயத்துக்கு ஏழு படி என்று சொல்லிக்கொண்டு வந்தேன். "எண்ணாதலே," என்றாள். "எப்பிடி இருக்குன்னு சொல்லு." எனக்கு வாயில் வந்தது "நல்லா இருக்கு" என்பது மட்டும்தான்.

இது நடந்து நான்கு வருடமாகிறது. அக்கா ஓய்வுபெற்று, தோட்டத்து லயவீட்டைக் காலி செய்துவிட்டு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். மருந்து ஒரு வேளைகூடத் தவறவில்லை. தனி நோட்டில் ஒவ்வொரு வேளைக்கும் குறி போட்டிருக்கிறேன், எங்கும் இடைவெளி கிடையாது. பார்வை அதன் போக்கில் போய்விட்டது. போன மழைக்காலத்தில் அந்தக் குழாயும் அடைத்துக்கொண்டது. இது சிலருக்கு எதற்கும் அடங்காது, உங்கள் தவறு எதுவுமில்லை என்று மருத்துவர் சொன்னார். அப்படியானால் அன்று காலை ஆறு மணிக்குத் துறையில் நான் எதைக் காப்பாற்றினேன் என்று அவரிடம் கேட்க நினைத்தேன்.

அவ்வப்போது அக்கா அந்த நாளின் பக்கத்தைப் படிக்கச் சொல்வாள். படிப்பேன். ஆரம்பத்தில் இடையில் புகுந்து, "அங்கதான் செவப்புச் சேல கட்டுன ஒருத்தி கையத் தூக்குனா," என்பாள், "ஒரு நாயி தண்ணிக்குள்ள போயி போயி வந்துச்சு," என்பாள். அவை என் குறிப்பில் இல்லை. நான் வள்ளங்களை எண்ணிக்கொண்டிருந்தபோது, அந்த ஒரு நொடி வட்டத்துக்குள் அவள் பிடித்தவை அவை. அடுத்தடுத்த முறைகளில் அவள் சொல்வது குறைந்தது. நாய் இரண்டு முறைக்குப் பிறகு வரவில்லை. சிவப்புச் சேலை மஞ்சளாயிற்று, அப்புறம் அதுவும் வரவில்லை. இப்போது நான் படிப்பதை இடைமறிக்காமல் கேட்கிறாள். அவளுக்குள் மிச்சமிருப்பது என் எண்கள்தானோ என்று பயமாக இருக்கிறது.

போன வாரம் ஒரு காலை, மருந்துக்கு வேலையில்லாமல் போன அதே ஆறு மணிக்கு, அந்தப் பக்கத்தைப் படித்து முடித்தேன். அக்கா, "அன்னிக்குக் கடல் என்ன நெறத்துல இருந்துச்சுலே?" என்று கேட்டாள்.

பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். புறப்பட்ட நேரம் இருந்தது. தென்மேற்கிலிருந்து காற்று என்று இருந்தது. பதினொன்று, நான்கு, ஏழு இருந்தன. முடிச்சு அவிழ்க்க ஐந்து நிமிடம் என்று இருந்தது. அந்த மிதவைச் சட்டை ஆரஞ்சு என்றுகூட எழுதியிருந்தேன். கடலின் நிறத்தை எழுதவில்லை. கண்ணை மூடி நினைத்துப் பார்த்தேன். பச்சையா, சாம்பலா? வந்ததெல்லாம் சுவர் நாட்காட்டியில் பார்த்த கடல்களின் நீலம். நான் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேனோ, கடிகாரத்தையோ தெரியவில்லை. அன்று அந்தப் படகில் நல்ல கண்ணோடு உட்கார்ந்திருந்தவன் நான்.

அக்கா பதிலுக்காகக் காத்திருந்தாள். பாத்திரம் கழுவ உட்காருமுன் ஒரு துண்டை இடுப்பில் கட்டிக்கொள்வது அவள் வழக்கம். அவள் கைகள் முதுகுக்குப் பின்னால் போய், துண்டின் இரண்டு முனைகளையும் பிடித்து, அதே முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தன.