மூன்று மிடறு

கடலோரத் தாராபுரத்தில் எனக்கு ஒரு சின்னக் கராஜ். பெரிய லொறிகளின் ஏ.சி. வேலை மட்டும் செய்கிறேன். எங்கள் பக்கத்து உப்புக் காற்றுத்தான் எனக்குச் சோறு போடுகிறது. கண்டென்சர் தகடுகளை அது அரித்து மாவாக்கிவிடும். ஊருக்கெல்லாம் குளிர்ச்சி பூட்டிவிட்டு நான் மட்டும் அவிகிறேன் என்று மனைவி கேலி செய்வாள். உண்மைதான்.

இரண்டு வருசத்துக்கு முன், நோன்பு மாதத்தில், பள்ளிமுனை ஊர்ச் சாரதி ஒருவர் பத்துச் சில்லு லொறியொன்றைக் கொண்டுவந்தார். கூலிங் கொயில் ஓட்டை. டாஷ்போர்ட்டைக் கழற்றினால்தான் அதில் கை வைக்கலாம். புழுதி உள்ளே போகாமலிருக்கக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, பெட்டரி வயரைக் கழற்றினேன். இடப்பக்கக் கதவு துருவேறி இறுகிக் கிடந்தது. வலப்பக்கக் கதவின் உள் கைப்பிடி முறிந்திருந்தது. சாரதி கண்ணாடியை இறக்கி, கையை வெளியே விட்டுத்தான் திறப்பாராம். அவர் சொல்லச் சொல்ல நானும் ஓம் ஓம் என்றேன்.

மதிய லுஹர் தொழுதுவிட்டு வந்தபோது அவர் சாப்பாட்டுப் பார்சலைக் கையில் வைத்துக்கொண்டு நெளிந்தார். அண்ணன் என்பதற்கு எங்கள் ஆட்களைப் போல நானா என்பார்.

"நானா, நான் அங்கால போய்ச் சாப்பிட்டிட்டு வாறன். நோன்போட இருக்கிற மனுசனுக்கு முன்னால வாயை ஆட்டுறது சரியில்ல."

"இருந்து சாப்பிடுங்கோ தம்பி, எனக்கென்ன" என்றேன். கேட்கவில்லை. போய்விட்டார்.

அவருடைய அந்த மரியாதைதான் என்னைத் தனியே விட்டது. நான் டாஷ்போர்ட்டுக்குள் தலையை விட்டுக் கொயிலை இழுத்துக்கொண்டிருந்தேன். கடற்காற்று ஒரு தள்ளுத் தள்ளியது. திறந்து வைத்திருந்த வலப்பக்கக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. கதவுக்கு ஒரு கட்டை முட்டுக்கொடுத்திருக்கலாம். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு.

முதலில் சிரித்தேன். பிறகு கதவை இடித்தேன். கத்தினேன். பக்கத்து மில் இரைச்சலில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. போன் வெளியே மேசையில் கிடந்தது. பெட்டரி இல்லாமல் ஹோர்ன் அடிக்காது, கண்ணாடி இறங்காது. வெயில் கண்ணாடி வழியாக நேரே மடியில் விழுந்தது. சேட்டைக் கழற்றினேன். கொஞ்ச நேரத்தில் வியர்வை நின்றுவிட்டது. அப்போதுதான் பயம் வந்தது. இருபது வருசமாக நான் சுத்தம் செய்து கொடுக்கிற இந்தப் பெட்டிக்குள்ளேயே மௌத்தாகப் போகிறேன் என்று நினைத்தேன்.

கையில் ஸ்பானர் இருந்தது. ஓங்கவும் செய்தேன். கண்ணாடி கொழும்பிலிருந்து வர வேண்டும், அதுவரை லொறி நிற்கும், லொறி முதலாளி என்னைத்தான் பிடிப்பார் என்ற கணக்கு மூளைக்குள் ஓடியது. ஸ்பானரைக் கீழே வைத்தேன்.

சீற்றுக்கு அடியில் சாரதி பாதி குடித்துவிட்டு வைத்த தண்ணீர்ப் போத்தல் கிடந்தது. எடுத்தேன். உயிர் போகிற நிலையில் குடிக்கலாம், மார்க்கத்தில் அதற்கு இடமுண்டு. என் உயிர் அப்போது போய்க்கொண்டிருந்ததா, எனக்குப் பயம் மட்டும்தானா, இன்றுவரை தெரியாது. மூன்று மிடறு குடித்தேன். தேத்தண்ணீர்ச் சூடு.

மூடியைத் திருகிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது.

சாரதி என்னை இழுத்து இறக்கி, மர நிழலில் படுக்கவைத்து, தலையில் தண்ணீர் ஊற்றினார். அவருக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு போத்தலைத் தூக்கி, ஓடிவந்தவர்களுக்குக் காட்டினார்.

"பாருங்கோ, கைக்குள்ள தண்ணி இருந்தும் மனுசன் குடிக்கேல்ல!"

வாயைத் திறந்தேன். தொண்டை காய்ந்ததால் பேச வரவில்லை என்று சொன்னால் அது பொய். தொண்டை நனைந்துதான் இருந்தது.

அன்று பின்னேரம் பள்ளிவாசலில் நான் நுழையுமுன்பே கதை நுழைந்திருந்தது. எழுந்து இடம் தந்தார்கள். நோன்பு திறக்கப் பாங்கு சொன்னதும் முதல் கோப்பைக் கஞ்சியை என் கையில் தந்தார்கள். வெட்கத்தில் கோப்பையைக் கீழே வைக்கப் போனேன். களைப்பு என்று நினைத்து ஒருவர் கோப்பையைப் பிடித்துக்கொண்டார். எல்லோரும் பார்த்திருக்கக் குடித்தேன். லொறிக்குள் குடித்ததற்கு மன்னிப்பு இருக்கலாம். இதற்கு எனக்கு ஒரு சாக்கும் கிடைக்கவில்லை.

விட்ட நோன்பைப் பிறகு கழாச் செய்ய, வேறொரு நாள் பிடித்து ஈடுகட்ட வேண்டும். எங்கள் வீட்டில் அது மாதவிலக்கில் நோன்பு விடுகிற பெண்களுக்குத்தான் வரும். நோன்புப் பெருநாளுக்குப் பிறகு நான் நோன்பு பிடித்து யாரும் பார்த்ததில்லை. பிடித்தால் ஏன் என்று மனைவி கேட்பாள். இரண்டு நோன்பு மாதம் போய்விட்டது. அந்த ஒரு நோன்பை இன்னும் பிடிக்கவில்லை.