பெண்கள் சங்கத்துச் சோப்பும் எனக்க காஸ்டிக்கும்

தூரப் போடவா? ஒண்ணும் போடண்டாம். அப்பிடியே பொறுக்கிக் கொண்டு வாங்க, பாப்போம். சோப்பு சாமான் விக்கியது எனக்குப் பாதித் தொழில்தான். அளவு தப்பிப்போன சோப்பை நேராக்கிக் குடுக்கியது மிச்சப் பாதி. பாறசாலையில இருந்து கொல்லயில் ஊருக்குப் போற ரோட்டுலயாக்கும் கடை. காஸ்டிக் சோடா, கலர், வாசனை, அச்சு எல்லாம் உண்டு. எண்ணெய் மட்டும் நீங்க கொண்டு வரணும். தப்பு வாறதும் அந்த எண்ணெய் வழியாத்தான். வீட்டுல சோப்பு செய்து கை எரிஞ்சவங்களுக்கு நான் சொல்லண்டாம். எரியாதவங்க செல்வபாய் அக்காவுக்க சங்கதியைக் கேளுங்க.

வாழைக்குலைக்குப் பதிலா

செல்வபாய் அக்கா எங்க சபையில பெண்கள் சங்கத்துச் செயலாளர். அறுப்பின் பண்டிகைக்கு எப்பவும் வாழைக்குலை, கோழி, சேனைதான் வரும், ஏலம் போவும். "இந்த வருசம் நாம சோப்பு செய்து விப்போம், வீட்டுக்கு ஒரு கிலோ தேங்காய் எண்ணெய் கொண்டு வாங்க"ண்ணு அக்கா கோயில்ல எழும்பி நிண்ணு அறிவிச்சாவ. எண்ணெய் இப்ப விக்கிய வெலைக்கு, பாதிப் பேருக்கு மூச்சு நிண்ணு போச்சு. ஆனா பக்கத்து வீட்டுக்காரி குடுக்கும்போ நாம எப்பிடிக் குடுக்காம இருக்க? இருபது வீட்டு எண்ணெய் வந்து சேந்துது.

லில்லி டீச்சர் அக்காவுக்கு முன்னால செயலாளரா இருந்தவங்க. எண்ணெயைக் குடுத்த கையோட சொன்னாவ: "குலை மிஞ்சினா பழுக்கும். சோப்பு மிஞ்சினா என்ன செய்வ, செல்வபாய்?"

நாக்கு

பண்டிகைக்கு ரெண்டு வாரம் இருக்கும்போ அக்கா கடைக்கு வந்தாவ. பேப்பர்ல பொதிஞ்சு ஒரு சோப்பு. மேல வெள்ளையா மாவு பூத்து இருக்கு. அக்காவுக்க உள்ளங்கை செவந்து கெடக்கு. நான் விரலை நனைச்சு சோப்புல தேய்ச்சு, நாக்கு நுனியில வச்சேன். கரண்டு கம்பியில வச்சது போல சுருக்குண்ணு ஏறிச்சு. எண்ணெய் கிட்டாத காஸ்டிக் உள்ள சும்மா இருக்குண்ணு அர்த்தம்.

நான் வாய் கழுவி முடியும் வரை அக்கா நிண்ணாவ. பெறகு பைய சொன்னாவ: "தாஸு மக்கா, இதைத் தேய்ச்சுக் குளிச்சா சபையில ஒருத்திக்கும் தோலு மிஞ்சாது. அதுக்கு முன்னால எனக்க தோலை உரிச்சிருவாவ."

பாட்டில்

காஸ்டிக்கை இருபது கிலோ எண்ணெய்க்கு நான்தான் நிறுத்துக் குடுத்தேன். அதுல தப்பில்ல. "எண்ணெயை எப்பிடி அளந்திய?"ண்ணு கேட்டேன். "அளக்க என்ன இருக்கு? எல்லாவரும் தண்ணி பாட்டில்ல ஒரு லிட்டர் கொண்டு வந்தாவ, ஊத்தினோம்."

அங்கயாக்கும் பிடி. மில்லுல எண்ணெயைக் கிலோவுல நிறுத்துத் தருவாவ, கடையில லிட்டர் பாக்கெட்டுல தருவாவ. நம்ம ஆளுகளுக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ. எண்ணெய் தண்ணியில மிதக்கியதாக்கும். ஒரு லிட்டர் நிறுத்தா தொள்ளாயிரம் கிராம் சொச்சம்தான் வரும். ராத்திரி பள்ளிக்கூடத்துல நான் படிச்சது இவ்வளவுதான், ஆனா கடை நடத்த இது போதும். போதாததுக்கு, பாட்டிலைக் கழுத்து வரைக்கும் நிறைச்சது பாதிப் பேருதான். மத்தவங்க தோளோட நிறுத்திட்டாவ. ஆகக்கூடி ரெண்டு கிலோ கொறவு.

எல்லாத்தையும் துருவி, கொஞ்சம் தண்ணி தெளிச்சு, பைய சூடாக்கி, கொறஞ்ச எண்ணெயைச் சேத்துக் கிண்டினா செரியாவும். ஆனா அத்தனை சோப்பைத் துருவ சங்கமே வரணும். வந்தா காரணம் கேக்கும். அக்கா தலையில கை வச்சாவ: "ஒனக்க எண்ணெய் கொறவுண்ணு நான் எந்த வாய் வச்சுச் சொல்லுவேன்? ஒவ்வொருத்தியும் பைபிள் மேல கை வச்சுருவா, தாஸு!"

குத்தம் யாருக்கு

அடுத்த நாள் கோயில் ஹால்ல கூட்டம். விளக்கிச் சொல்ல என்னையும் கூப்பிட்டிருந்தாவ. எண்ணெய்க் கணக்கைச் சொல்லத்தான் நான் தொண்டையைக் கனைச்சேன். அதுக்குள்ள அக்கா எழும்பி, "தாஸுக்க காஸ்டிக்குக்கு இந்தத் தடவை வீரியம் கூடிப்போச்சு"ண்ணு சொல்லிப்போட்டு என்னை ஒரு பார்வை பாத்தாவ. முங்கப் போறவங்க கரையில நிக்கியவனைப் பாக்கிய பார்வை. நான் "ஆமா, கொஞ்சம் கூடினதாக்கும்"ண்ணு சொன்னேன்.

ஹால் முழுக்க முகம் தெளிஞ்சுது. இருபது பேருக்கும் எனக்க மேல இரக்கம். ஆளுக்கு ஒரு கிளாஸ் எண்ணெய் தாறோம்ணாவ. லில்லி டீச்சர் எழும்பி நிண்ணே சொன்னாவ: "ஒரு ஆம்பிளைக்க தப்பை நேராக்கணும்ணா, நான் அரைக் கிலோவே தாறேன்."

கை கழுவினது

துருவிக் கிண்டி அச்சுல ஊத்தினோம். ஆறினப்ப மசிச்ச மரச்சீனிக் கிழங்கு போல இருந்துது. ஒரு வாரம் கழிச்சு நாக்குல வச்சேன், ஒண்ணும் கடிக்கல்ல. எண்ணாலும் பண்டிகை அன்னைக்கு முதல் சோப்பை யாரும் தொடல்ல. அக்கா அதை எடுத்துக் கோயில் பைப்புக்குப் போனாவ. எல்லாவரும் சுத்தி நிண்ணு பாக்க, முழங்கை வரைக்கும் தேய்ச்சுக் கழுவினாவ. கை செவக்கல்ல, எரியல்ல.

லில்லி டீச்சர் அக்காவுக்க கையைத் திருப்பித் திருப்பிப் பாத்தாவ. மோந்தும் பாத்தாவ. "காண ஒரு அழகும் இல்ல. ஆனா நுரை உண்டு. எனக்கு நாலு கட்டி எடு, செல்வபாய்."

மத்தியானத்துக்குள்ள எல்லாம் வித்துப் போச்சு.

வீரியம்

அதோட தீந்துதுண்ணு நினைச்சியளா? பாறசாலையில ஒரு கடையில வீரியம் கூடின காஸ்டிக் உண்டுண்ணு சங்கதி பரந்துட்டுது. கோட்டுகால்ல இருந்தெல்லாம் ஆளு வருது. "எல்லாக் கடையிலயும் உள்ளதுதான்"ண்ணு நான் சொன்னா கண்ணைச் சிமிட்டுதாவ. வீட்டுல கொண்டுபோய், வீரியம் உள்ளதாக்குமேண்ணு அளவைக் கொறைச்சுப் போடுதாவ. பெறகு சோப்பு எங்க உறையும்?

இந்நா, ஆரியங்கோட்டுல இருந்து துளசி ஒரு வாளியோட ஓட்டோவுல வந்து நிக்கா. வாளியில சோப்பு, கஞ்சி போல ஆடுது. இறங்கும் முன்னே சொல்லுதா: "தாஸண்ணா, வீரியம் கூடினதுண்ணு பாதிதான் போட்டேன். இப்ப வீட்டுல எல்லாவரும் கரண்டியில கோரியாக்கும் குளிக்கோம்."

அளவு தப்பின சோப்பை ஒரு வாரத்துல நேராக்கிப் போடலாம், மரியாதைக்குச் சொன்ன ஒரு பொய்யைத்தான் இப்பவும் வாளி வாளியா நேராக்கிக்கிட்டு இருக்கேன்.

"ஏங்க, இஞ்ச வாருங்க! துளசிக்க வாளி ஓட்டோவுல வழியுது!"

எனக்க வீட்டுக்காரியாக்கும். தா, வாறேன்.