நிறுத்தாத மொறிஸ்

புலம்பெயர்ந்து வந்த குவேக்கர்ஸ் ஹில் வீட்டுக் கராஜில், தான் வாங்கிய பழைய மொறிஸ் மைனர் காரின் காபரேட்டரை மகன் மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தான். அந்த மணம் என்னை யாழ்ப்பாணத்தில், அப்பாவின் மொறிஸுக்குள் கொண்டுபோய் இருத்திவிட்டது.

யுத்தகாலத்தில் பெற்றோலுக்குத் தடை. அப்பா காரை மண்ணெண்ணெயில் ஓட மாற்றியிருந்தார். ஆனால் ஸ்டார்ட் பண்ணுவதற்கு மட்டும் காபரேட்டருக்குள் கொஞ்சம் பெற்றோல் விடவேண்டும். அதை ஒரு மருந்துப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருப்பார்.

அம்மாவை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிய அன்று, காரை ஸ்டார்ட் பண்ணியதோடு போத்தல் காலியாகிவிட்டது.

"நீ அம்மாவோட உள்ள போ, பிள்ளை. எஞ்சினை நிப்பாட்டினா திருப்பி ஸ்டார்ட் வராது. பிறகு அம்மாவை என்னெண்டு வீட்டை கொண்டுபோறது?" என்றார் அப்பா.

ஆஸ்பத்திரி வாசலில், புகைக்குள், அக்ஸிலேட்டரை மிதித்தபடியே இருந்தார். வார்டுக்குள்ளும் அந்த உறுமல் கேட்டது. எனக்கு எரிச்சலாக இருந்தது.

"அப்பா நிக்கிறார் என்ன?" என்று அம்மா கேட்டார்.

"ஓம் அம்மா."

அதன்பிறகு அவர் கண் திறக்கவில்லை.

வெளியே வந்து சொன்னேன். அப்பா சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினார்.

மகன் காபரேட்டரைத் திரும்பக் காரில் பூட்டி, காரை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தான். முதல் தடவையிலேயே உறுமியது.

"ஓகே அம்மா, வேர்க் பண்ணுது. ஓஃப் பண்ணவா?"

"வேண்டாம் தம்பி," என்றேன். "கொஞ்ச நேரம் ஓடட்டும்."