மஞ்சள் போடாத சாதம்

குக்கர் சாதம் எனக்கு இறங்காது. வடித்த சாதம்தான். அன்றைக்கு வடித்துவிட்டுப் பானையை நிமிர்த்தினால் சாதம் இளமஞ்சளாக இருந்தது. ஜன்னல் வெயில் என்று நினைத்தேன். தட்டில் போட்ட பிறகும் அதே மஞ்சள்.

மருமகள் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "அத்தை, சாதத்துல மஞ்சத்தூள் போட்டீங்களா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. குழந்தையிடம் கேட்பதுபோல அவ்வளவு மெதுவாகக் கேட்டாள்.

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. எனக்குப் பேச்சு எப்போதுமே பின்னால்தான் வரும், எதிரில் இருப்பவர்கள் எழுந்து போன பிறகு.

மறுநாளும் சாதம் மஞ்சள். மகன் அரிசி மேல் பழி போட்டு வேறு மூட்டை வாங்கி வந்தான். அதுவும் மஞ்சள். அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவர்கள் கேட்காமல் விட்டதற்குக் காரணம் எனக்குத் தெரியும். செம்பாக்கத்தில் இருந்த என் அக்காவுக்கும் அடுப்படியில்தான் ஆரம்பித்தது. முதலில் ரசத்தில் இரண்டு தடவை உப்பு. கடைசியில் என்னைப் பார்த்தே, "நீ யாரும்மா?" என்றாள். நானும் போன மாதம் பாலை அடுப்பில் வைத்துவிட்டு மாடிக்குப் போய்த் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கருகிய வாசனை மாடிவரை வந்தும் எனக்கு உறைக்கவில்லை.

அதிலிருந்து உட்கார முடியவில்லை. எழுந்தால் நிற்க முடியவில்லை. சிட்லபாக்கம் ஏரிக்கரைப் பக்கம் நடப்பேன். வழியில் இருக்கிற கடைகளை வரிசையாகச் சொல்லிப் பார்ப்பேன். ஒன்று விட்டுப்போனால் திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

ஒரு யோசனை வந்தது. மஞ்சள் டப்பாவைப் பீரோவில் புடவைகளுக்கு நடுவே வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். பிறகு உலை வைத்தேன். வடித்தேன். மஞ்சள்!

அப்பாடா, நான் இல்லை என்று ஒரு நிமிஷம் நிம்மதி. அடுத்த நிமிஷமே, நடுவில் பீரோவைத் திறந்தேனோ என்று ஒரு கேள்வி. திறக்கவில்லை என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. விரலை முகர்ந்து பார்த்தேன். மிளகாய் வாசனைதான் வந்தது.

அன்று சாயந்திரம் மருமகள் இஸ்திரிக்குப் போட வேண்டிய புடவையை எடுக்க, தன்னிடம் இருந்த இன்னொரு சாவியால் பீரோவைத் திறந்தாள். பட்டுப்புடவை மேல் மஞ்சள் டப்பா உட்கார்ந்திருந்தது. அவள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு மகனைப் பார்த்தாள். அவன் என்னைப் பார்க்கவில்லை.

"அம்மா, சனிக்கிழமை தாம்பரத்துல ஒரு டாக்டரைப் பார்த்துட்டு வரலாம்மா. சும்மா ஒரு செக்கப்தான்," என்றான். நான் தலையாட்டினேன். டப்பா எதற்காகப் பீரோவுக்குப் போனது என்பதைச் சொல்ல ஒரு வரி போதும். அந்த ஒரு வரி வரவில்லை.

வெள்ளிக்கிழமை பகலில் வீட்டில் நான் மட்டும்தான். இன்றைக்கும் மஞ்சள் சாதத்தை அவர்கள் முன்னால் வைப்பதா? எலுமிச்சை சாதமாகக் கிளறிவிட்டால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. சாதத்தைத் தாம்பாளத்தில் பரப்பி, பழத்தை நறுக்கிப் பிழிந்தேன்.

சாறு விழுந்த இடமெல்லாம் வெளுத்தது. மஞ்சளுக்கு நடுவே திட்டுத் திட்டாக வெள்ளை. இன்னொரு மூடி பிழிந்து கிளறினேன். தாம்பாளம் முழுக்க மல்லிகைப் பூ மாதிரி ஆகிவிட்டது.

எத்தனை வருஷமாக எலுமிச்சை சாதம் கிளறுகிறேன். புளிப்புப் பட்டால் மஞ்சள் பளிச்சென்று ஆகுமே தவிர வெளுக்காது. அப்படியானால் இது மஞ்சளே இல்லை. அரிசியும் மாற்றியாயிற்று. மிச்சம் இருப்பது தண்ணீர்தான். போன மழையில் சாக்கடைத் தண்ணீர் இறங்கிவிட்டது என்று தரைக்கடியில் இருந்த பழைய தண்ணீர்த் தொட்டியை இடித்து, புதிதாகச் சிமெண்டில் சம்ப் கட்டியிருந்தோம். குடிக்க கேன் தண்ணீர், சமையலுக்குச் சம்ப் தண்ணீர். கொஞ்ச நாளாக அரிசி களையும்போது கை சோப்பு போகாததுபோல வழுவழுத்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

ஒரு கிண்ணத்தில் கேன் தண்ணீர், ஒரு கிண்ணத்தில் சம்பிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர். இரண்டிலும் ஒரு சிட்டிகை மஞ்சள் போட்டேன். கேன் தண்ணீர் மஞ்சளாகவே இருந்தது. குழாய்த் தண்ணீர் ஆரத்தி கரைத்ததுபோலச் சிவந்தது. ஆரத்திக்கு மஞ்சளோடு சேர்ப்பது சுண்ணாம்பு. இங்கே சுண்ணாம்பு யார் போட்டது?

சாயந்திரம் மருமகள் செருப்பைக் கழற்றுவதற்குள் கையைப் பிடித்து அழைத்துப் போனேன். கிண்ணங்களைக் காட்டினேன். இரண்டு தண்ணீரிலும் தனித்தனியாக வடித்த சாதத்தைக் காட்டினேன். அவள் குழாய்த் தண்ணீரில் விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தாள்.

"ஐயோ அத்தை, சிமெண்ட்! சிமெண்ட்ல இருக்கிற சுண்ணாம்பு தண்ணில இறங்குது!" என்று உடனே மகனுக்குப் போன் போட்டாள். அவன் வரும் வழியில் வண்ண மீன் கடையில் நிறுத்தி, மீன் தொட்டித் தண்ணீரைப் பார்க்கிற பிஹெச் காகிதம் வாங்கி வந்தான். சம்ப் தண்ணீரில் நனைத்ததும் அது கரும்பச்சையைத் தாண்டி நீலத்துக்குப் போனது.

"இந்த நிற அட்டையில ஏழுன்னா நடு அத்தை. கீழ போகப் போகப் புளிப்பு, எலுமிச்சை, வினிகர் எல்லாம் அந்தப் பக்கம். அதுதான் அமிலம். மேல போனா சோப்பு, சுண்ணாம்பு பக்கம். இது பத்துகிட்ட நிக்குது பாருங்க."

"மூணு படிதானே?" என்றேன்.

"ஒவ்வொரு படியும் பத்து மடங்கு அத்தை. மூணு படின்னா ஆயிரம் மடங்கு. அரிசியில ஒரு சத்து இருக்கும், சுண்ணாம்புத் தண்ணி பட்டா மஞ்சளாயிடும். நீங்க பிழிஞ்ச புளிப்பு அதை அடக்கிடுச்சு."

மகன் சம்ப் கட்டிய மேஸ்திரிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான்.

"இன்னா சார், அன்னிக்கே சொன்னன்ல? புது தொட்டி, நாலஞ்சு தபா ரொப்பி எறைச்சி வுடுங்கன்னு. நீதான் தண்ணி வேஸ்ட்டாப் போவுதுன்னு பேஜார் பண்ணே!"

மகன் போனை வைத்துவிட்டு மோட்டாரைப் போட்டான். சம்ப் தண்ணீர் குழாய் வழியாகத் தெருவுக்கு ஓடியது. மருமகள் போனைக் கையில் எடுத்து, "டாக்டரை கேன்சல் பண்ணிடறேன்," என்றாள். மகன் வேகமாகத் தலையாட்டினான்.

"வேணாம்," என்றேன். இரண்டு பேரும் திரும்பினார்கள். "போயிட்டு வந்துடலாம்."

"எதுக்கு அத்தை? தண்ணிதான்னு தெரிஞ்சிடுச்சே."

"சாதத்துக்குத் தண்ணி. பால் தீஞ்சதுக்கு என்ன சொல்றது?" குரல் எனக்கே கேட்காத அளவுக்கு இறங்கிவிட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை. "நான் மஞ்சள் போடறேனான்னு பார்க்கத்தான் டப்பாவைப் பூட்டி வெச்சேன். பூட்டினது ஞாபகம் இருக்கு. நடுவுல திறந்தேனா இல்லையான்னு அன்னிக்கு எனக்கு நிச்சயமாத் தெரியலம்மா. அதுக்காகத்தான் போகணும்."

மகன் நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான். கையைப் பிடிக்கிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. முட்டி உரச உட்கார்ந்தான், அவ்வளவுதான்.

"காலையில எத்தனை மணிக்குடா?"

"பத்து மணிக்குக் கிளம்பணும்மா."

"அப்போ வடிச்சு வெச்சுட்டே வந்துடறேன்," என்று சொல்லிவிட்டு, நாளைச் சமையலுக்குக் கேனில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்க்க எழுந்தேன்.