வலிக்காத விரல்கள்

பத்தாவது அம்பையும் விட்டுவிட்டு, மச்சான் வலக்கையை என் முன்னால் விரித்துக் காட்டினார். ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றிலும் நாண் அழுந்திய சிவந்த கோடு. நடுவிரலில் தோல் லேசாக உரிந்துகூட இருந்தது. முகத்தில் மட்டும் ஒரு சுளிப்பும் இல்லை. "எங்கனயும் வலிக்கல மாப்ள" என்றார்.

நான் பெரியகுளம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியர். எதற்கெடுத்தாலும் ஒரு விதி போட்டுவிடும் புத்தி எனக்கு. ஜெயமங்கலத்தில் நண்பர் ஒருவரின் தென்னந்தோப்பில், ஞாயிறு காலைகளில் ஏழெட்டுப் பேர் மூங்கில் வில்லில் அம்பெய்து பழகிவந்தோம். புதிதாக வருகிறவர் விரலுக்கு எந்தத் தோலைப் போடுவது என்பதற்கும் நான் விதி வைத்திருந்தேன். முதலில் வெறும் விரலால் பத்து அம்பு. எந்த விரல் அதிகம் வலிக்கிறதோ அதற்குத் தடித்த மாட்டுத்தோல், மற்றவற்றுக்கு மெல்லிய ஆட்டுத்தோல். தோல் தடித்தால் விரல் தப்பிக்கும். ஆனால் நாண் நழுவுவது கைக்குத் தெரியாது, அம்பு தள்ளிப் போகும். மெலிந்தால் குறி நிற்கும், விரல் நோகும். அதனால் வலியைக் கேட்டுத்தான் தோலை வெட்ட வேண்டும் என்று எல்லோருக்கும் பாடம் எடுப்பேன். பேருந்து நிலையத்தருகே செருப்புத் தைப்பவர் ஒருவர் நான் சொல்லும் அளவுக்கு விரலுறை தைத்துக் கொடுப்பார்.

மச்சான் என் அக்காவின் கணவர். வடுகபட்டியில் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். சுற்றிய செம்புக் கம்பியை விரல் நுனியால் தடவியே எங்கே தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். சுற்றுவட்டாரத்துக் கிணற்று மோட்டார்கள் பாதிக்குமேல் அவர் கை பட்டவை. கம்பி இழுத்துக் காய்த்த கை, வலி தாங்குகிறது என்று நான் முடிவு கட்டிவிட்டேன். "இரும்புக் கையப்பா!" என்று தோப்பில் கைதட்டினார்கள். வலியே இல்லாதவருக்கு உறை எதற்கு? என் விதிப்படி அவருக்கு ஒன்றுமே கொடுக்கவில்லை. அவருக்கும் அதில் பெருமைதான்.

கடையில் கம்பி அடிக்கடி அறுந்துபோவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் தோப்பிலிருந்து ஒற்றைச் செருப்போடு வீடு திரும்பினார். மற்றது வாய்க்கால் சேற்றில் கிடந்தது. "செருப்பு கழண்டதுகூடத் தெரியாம வந்து நிக்கிறாக பாரு ஒன் மச்சான்" என்று அக்கா சிரித்தாள். நானும் சேர்ந்து விழுந்து விழுந்து சிரித்தேன். எங்கள் யாருக்கும் வேறெதுவும் தோன்றவில்லை.

ஏழாவது ஞாயிறோ எட்டாவதோ, அவருடைய நடுவிரல் கறுத்திருந்தது. கேட்டேன். "காயிலுக்கு அடிக்கிற வார்னிஷு பட்டிருக்கும் மாப்ள" என்றார். நம்பிவிட்டேன். நாற்றம் வந்த பிறகுதான் அக்கா அவரைத் தேனியில் ஓர் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள். சுகர் எத்தனை வருடமாக இருந்ததோ, பாதங்களிலும் விரல்களிலும் உணர்வே செத்துப்போயிருந்தது. "வலிக்கலன்னா புண்ணக் காட்ட மாட்டீங்களா?" என்று டாக்டர் சத்தம் போட்டது அவரை, தலை குனிந்தது நான். நடுவிரலையும் மோதிர விரலையும் எடுத்துவிட்டார்கள்.

கடையை இப்போது வேறொருவர் நடத்துகிறார். மச்சான் வீட்டோடு இருக்கிறார். அவர் குளிக்கும் வெந்நீரில் அக்கா தன் கையை விட்டுப் பார்த்த பிறகுதான் வாளியை நகர்த்துகிறாள். என்னை அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டித் தீர்த்திருக்கலாம்.

போன மாதம் அவர் வலது குதிகாலில் புண் வந்தது. கட்டு மாற்ற நான்தான் கூட்டிப்போனேன். பக்கத்துப் படுக்கையில் ஒருவருக்குத் தையல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஊரைக் கூட்டுகிற மாதிரி கத்தினார். மச்சானின் குதிகாலில் நர்ஸ் செத்த சதையைக் கத்தரித்தார். "வலிச்சாச் சொல்லுங்கய்யா" என்றார். மச்சான், பக்கத்தில் கத்திக்கொண்டிருந்த மனிதரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மிச்சமிருந்த விரல்களால் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "அந்தாளு குடுத்து வச்சவரு மாப்ள" என்றார்.